கையெழுத்து வந்துவிட்டது, அடுத்து என்ன? எங்கள் கடலோர ஊரின் எழுத்தறிவு மையம்

எங்கள் ஊர்ப் பள்ளியை ஒட்டி நடக்கும் வயது வந்தோர் எழுத்தறிவு மையத்துக்கு அம்மாவை அனுப்பலாமா, மாமியாரை அனுப்பலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். தாராளமாக அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அங்கே என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். என் மாமியார் அங்கே ஒரு சுற்று முழுவதும் படித்து முடித்தார். பெரும்பாலான வகுப்புகளில் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பார்த்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மண்டபம் வட்டாரத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. வடகடலும் தென்கடலும் நடந்து போகும் தூரம். ஆண்கள் விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் போகிறார்கள். பெண்கள் கடல்பாசி எடுக்கிறார்கள், கருவாடு காயவைக்கிறார்கள், நண்டுக் கம்பெனிக்குப் போகிறார்கள். நான் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரே நாளில் எத்தனை பேரை நம்பியாக வேண்டியிருக்கிறது என்பது என் மேசைக்கு முன்னால் தினமும் தெரியும். போனை அப்படியே என் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஏ.டி.எம். அட்டையின் உறையிலேயே ரகசிய எண்ணை யாரையாவது எழுதித் தரச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உரிமைத் தொகை 1000 ரூபாய் ஏறிவிட்டதா என்று கேட்க ஒரு பாட்டி வெயிலில் நடந்து வருவார். வந்திருக்கும் குறுஞ்செய்தியைப் பார்த்தால் அது கடன் தருகிறோம் என்ற விளம்பரமாக இருக்கும்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்டுக்கணக்கில் பாறையில் பாசி பிய்த்தும் உப்பில் மீன் அலசியும் தேய்ந்த விரல்களில் ரேகை மிஞ்சுவதில்லை. இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தால் விழாது. துடைத்துவிட்டு வைத்தாலும் விழாது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு, பணம் எடுக்காமலே திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். கைநாட்டு வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம் என்பது இங்கே செல்லாது. வங்கிக்குப் போய்ப் பணம் எடுக்கும் சீட்டில் தொகையை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டால் யார் தயவும் வேண்டாம். அத்தையை, அதாவது என் மாமியாரை, நான் அங்கே சேர்த்ததற்கு இதுதான் காரணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்களில் நூற்றுக்கு 88 பேரை ஒட்டி எழுத்தறிவு பெற்றிருந்தார்கள், பெண்களில் 74 பேரை ஒட்டித்தான். மாவட்டக் கணக்கு அது. கடற்கரையில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களை மட்டும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டால் நிலைமை வேறு.

இப்போது மையத்துக்கு வருகிறேன். 2022 முதல் 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ் வருவது இது. தமிழ்நாட்டில் பள்ளி சாரா மற்றும் வயது வந்தோர் கல்வி இயக்ககம் இதை நடத்துகிறது. 15 வயது நிறைந்த யாரும் சேரலாம். கட்டணம் கிடையாது, புத்தகமும் இலவசம். ஏறத்தாழ ஆறு மாதத்தில் 200 மணி நேரம் பாடம், முடிவில் ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். சொல்லிக்கொடுப்பவர் தன்னார்வலர். அவருக்குச் சம்பளம் இல்லை என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

சேர்ந்த புதிதில் வகுப்பு நேரம் மாலை 4 முதல் 6 என்று பள்ளிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கடற்கரையில் எந்தப் பெண் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள்? குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. காயப்போட்ட கருவாட்டை அள்ளி மூடும் நேரம். பாசிக்குப் போனவர்கள் கரைக்கு வந்து, எடை போட்டு, குளித்து, சாப்பிட்டுக் கண் அயரும் நேரம். முதல் வாரம் வந்தவர்கள் இரண்டாம் வாரம் பாதியாகிவிட்டார்கள்.

இதில் கடலின் கணக்கு ஒன்று இருக்கிறது. அது தெரியாமல் இங்கே எந்த வகுப்பும் நடத்த முடியாது. பாசி எடுக்கும் பெண்கள் மாதம் முப்பது நாளும் கடலுக்குப் போவதில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில் படகேறித் தீவுப் பக்கம் போய், மூச்சைப் பிடித்து மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் எடுத்து வருவார்கள். அந்த நாட்களில் மாலை வகுப்புக்கு மூன்று பேர் வந்தாலே பெரிது. இடைப்பட்ட நாட்களில் உட்கார இடம் போதாது. ஒரு முறை பார்வையிட வந்த அதிகாரி நீர் வற்றும் நாளாகப் பார்த்து வந்தார். காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து, இந்த ஊர் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. அவர் அப்படிச் சொன்ன அதே நேரத்தில் அந்தப் பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று நனைந்த உடம்போடு, கரையில் எடைக்கு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஊரே வீட்டில் இருக்கும். நண்டுக் கம்பெனியிலும் கருவாட்டுக் களத்திலும் வேலை குறைந்துவிடும். பெரியவர்களுக்கு வகுப்பு நடத்த வருடத்தில் இதைவிட நல்ல காலம் வராது. ஆனால் பள்ளிக்குக் கோடை விடுமுறை விடுவதும் இதே காலத்தில்தான். வாசலில் பூட்டுத் தொங்கும். குழந்தைகளுக்காகப் போட்ட நாட்காட்டியை அப்படியே எடுத்து அவர்களுடைய பாட்டிகளுக்கும் மாட்டிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பெண்கள் சேர்ந்து கேட்டதால் நேரம் மாறியது, அதைப் பாராட்டியே ஆக வேண்டும். இரவு 7 மணிக்கு, பள்ளி வகுப்பறையிலிருந்து மீன் ஏலக்கூடத்துக்கு வகுப்பு இடம் மாறியது. தலைமையாசிரியர் மறுப்பே சொல்லவில்லை. வகுப்பறையில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தவர்கள் ஏலக்கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். மீன் வாடை இருந்தது, அதை யார் பொருட்படுத்தப் போகிறார்கள்? மின்விளக்கு நன்றாக எரிந்தது. வருகை கூடியது. உங்கள் ஊர் மையத்திலும் நேரம் ஒத்துவரவில்லை என்றால் வாய்விட்டுக் கேளுங்கள்.

அடுத்தது கண். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் சில வாரங்கள் அத்தைக்கு ஒன்றும் ஏறவில்லை. "எனக்கு மண்டையில் இடமில்லையம்மா, விட்டுவிடு" என்றார். பிறகு கவனித்தால், புத்தகத்தைக் கையை முழுக்க நீட்டி எட்டப் பிடித்துப் பார்க்கிறார். வெள்ளெழுத்து. அவர் கண்ணுக்கு எழுத்து இருப்பதே தெரியவில்லை. நாற்பதைத் தாண்டிய எல்லாருக்கும் வருவதுதான், ஆனால் படிக்காதவர்களுக்கு அது வந்ததே தெரியாது, ஏனென்றால் கடலும் படகும் தூரத்தில்தான் இருக்கின்றன. இலவசக் கண் முகாம் ஒன்றில் சோதித்துக் கண்ணாடி போட்ட அன்றைக்கு, அரிசியில் இவ்வளவு கல்லா என்றுதான் முதலில் கேட்டார். அதற்குப் பிறகு பாடம் ஓடியது. அந்த வகுப்பில் மண்டையில் இடமில்லை என்று நின்றுபோன இன்னும் சிலருக்கும் இதேதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சேர்க்கும் முதல் நாளே கண்ணைச் சோதித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மையம் அதைச் செய்யவில்லை, நீங்கள் செய்துவிடுங்கள்.

கை பற்றியும் சொல்ல வேண்டும். பாசி எடுப்பவர்கள் விரல்களில் துணி சுற்றி அதன் மேல் ரப்பர் உறை மாட்டிக்கொள்வார்கள். அப்படியும் பாறை கிழிக்கும். நீர் வற்றும் நாட்களின் கடைசியில் அத்தையின் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்திருக்கும். அந்த இரண்டு விரலுக்கு நடுவில்தான் பென்சில் நிற்க வேண்டும். பிடித்து அழுத்தினால் பிளவு திறந்துகொள்ளும். டீச்சர் அதைப் பார்த்துவிட்டுப் பென்சிலின் நடுவில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகிக் கொடுத்தார். பிடி தடிமனானது, அழுத்த வேண்டிய தேவை குறைந்தது. எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மனம் இருந்தது, கண் இருந்தது.

டீச்சர் எங்கள் ஊர்ப் பெண்தான். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர். அவர் பாடம் நடத்திய விதத்துக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அ, ஆ என்று தொடங்கி 247 எழுத்தையும் வரிசையாக ஓட்டியிருந்தால் எல்லாரும் உயிர்மெய்யை எட்டுவதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர் போடுவதற்கு எளிதான ட, ப, ம மூன்றையும் முதலில் எடுத்தார். மூன்றே எழுத்தில் படம், மடம், பட்டம் எல்லாம் வந்துவிடுகின்றன. கூட ஒரு 'ண்' சேர்த்ததும் 'மண்டபம்' வந்தது. பிறந்ததிலிருந்து சொல்லி வருகிற தங்கள் ஊர்ப்பக்கப் பெயரைத் தங்கள் கையால் எழுதிப் பார்த்தபோது அந்தப் பெண்கள் ஒருவர் சிலேட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்து 'பாம்பன்'. பிறகு அவரவர் பெயர். அத்தை ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வந்து நின்ற பஸ்ஸின் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். அதற்கு முன்பெல்லாம் பஸ் எங்கே போகிறது என்று கேட்டால் கண்டக்டர் பலகையைப் பார் என்பார், அத்தை பேசாமல் இன்னொருவர் ஏறுவதைப் பார்த்து ஏறுவார்.

கணக்குப் பாடம் மட்டும் பொருந்தவில்லை. புத்தகத்தில் இரண்டு இலக்கக் கூட்டல். வகுப்பில் இருப்பவர்களோ, பச்சைப்பாசி எவ்வளவு, காய்ந்தால் எவ்வளவு நிற்கும், கிலோவுக்கு என்ன விலை, படகுக்குப் பங்கு போக ஆளுக்கு எவ்வளவு என்பதை வியாபாரி கால்குலேட்டரை எடுப்பதற்குள் வாயில் சொல்லிவிடுகிறவர்கள். அவர்களுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. எடை இயந்திரத்தில் சிவப்பாக எரியும் எண்ணில் புள்ளி எங்கே இருக்கிறது, அந்தப் புள்ளிக்குப் பின்னால் வருவது கிராம் என்பதுதான் தெரியாது. டீச்சர் இதைப் புரிந்துகொண்டு ஒரு நாள் மின்னணுத் தராசையே கடன் வாங்கி வந்து நடுவில் வைத்தார். மொத்தச் சுற்றிலும் சிறந்த வகுப்பு அதுதான். ஆளுக்கொரு சாமானை ஏற்றி, எண்ணை வாசித்து, எழுதி, மறுபடி ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். இரவு ஒன்பதுக்கு மேல் ஆகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்னொருவர் நுண்கடன் நிறுவனத்தின் அட்டையை எடுத்து வந்தார். வாரத் தவணை கட்டிக் கட்டிப் பின்பக்கம் நிறைந்திருந்தது. அதில் ஒரு வரியில் எழுதியிருந்ததை மெதுவாகக் கூட்டி 'அபராதம்' என்று வாசித்துவிட்டு, இது எதற்கு என்று டீச்சரைக் கேட்டார். டீச்சருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் வசூலுக்கு வந்தவரிடமே கேட்டார். பதில் சரியாக வரவில்லை, ஆனால் கேள்வி கேட்கப்பட்டது. அந்த அட்டை அவர் வீட்டுப் பெட்டியில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறது.

வகுப்பில் அதிகம் பேசாத ஒரு அம்மா இருந்தார். விசைப்படகில் போன அவருடைய மகன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். அப்படிப் பிடிபடும்போது மறுநாள் செய்தித்தாளில் மீனவர்களின் பெயர்ப் பட்டியல் வரும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, என் மகன் பெயர் இருக்கிறதா என்று தெருவில் போனவரையெல்லாம் கேட்டதாகச் சொன்னார். ஒருவர் இருக்கிறது என்றாராம், இன்னொருவர் அது வேறு ஊர்க்காரன் என்றாராம். அந்த ஒரு காலை நேரத்துக்காகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றார். தன் பெயரை எழுதக் கற்றுக்கொள்ளும் முன்பே மகன் பெயரையும் அதன் பின்னால் வரும் தகப்பன் பெயரையும் எழுதக் கேட்டார். டீச்சர் எழுதிக் கொடுத்தார். அந்த ஏட்டின் முதல் பக்கங்கள் முழுவதும் அந்த இரண்டு பெயர்கள்தான்.

ஆண்கள் வரவில்லை. ஏலக்கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள், உட்காரச் சொன்னால் போய்விட்டார்கள். விசைப்படகு தங்கலுக்குப் போகும் இரவுகள் ஒரு காரணம், மனைவி இருக்கும் வகுப்பில் ஒன்றாக உட்காரும் கூச்சம் இன்னொன்று. தடைக்காலத்தில் ஆண்களுக்கென்று தனி வகுப்பு, ஜி.பி.எஸ். கருவியையும் படகு உரிமத்தையும் பாடமாக வைத்து நடத்தினால் வருவார்கள் என்பது என் எண்ணம்.

யாருக்கு இந்த மையம் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு, ஏழாம் வகுப்போடு நின்றுபோன இளம் பெண்கள் இரண்டு பேர் ஆசையாக வந்தார்கள். அவர்களுக்கு வாசிக்கத் தெரியும். சில நாட்களிலேயே சலித்துப்போய் நின்றுவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அதற்கு அறிவிப்பு வெளியிடும். எட்டு முடித்தால் பத்துக்குத் தனித்தேர்வராகப் போகலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் இருக்கிறது. மையத்தில் சேர வருகிறவர்களிடம் இந்த வழியை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இப்போது என் மேசைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்கிறேன், ஒருத்தி எட்டாம் வகுப்புக்கு விண்ணப்பித்தும்விட்டாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று மூன்று பகுதி, பகுதிக்கு 50 வீதம் 150 மதிப்பெண். காலையிலிருந்து மாலைக்குள் வசதிப்பட்ட நேரத்தில் வந்து எழுதலாம் என்றார்கள். அது நல்ல ஏற்பாடு, சமைத்து வைத்துவிட்டு வந்தார்கள். எல்லாரும் கோயில் திருவிழாவுக்குப் போவதுபோலத் துவைத்த சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அத்தை தேர்ச்சி பெற்றார். சான்றிதழ் வருவதற்குத்தான் வெகு நாளானது.

இனிமேல்தான் என் மனக்குறை. தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் பெண்களுக்கு வகுப்பு இல்லை. அடுத்த சுற்றுக்குப் பதிவேட்டில் புதிய பெயர்கள்தான் வேண்டும், ஏற்கனவே தேர்ச்சி பெற்றவர்கள் வந்து உட்கார்ந்தால் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள். திட்டத்தின் ஏட்டில் ஐந்து பிரிவுகள் இருக்கின்றன. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் முதலாவது. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பள்ளிக் கல்விக்கு நிகரான அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி என்பவை மற்ற நான்கு. எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது முதலாவது மட்டும்.

எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலை என்பது நடை பழகும் குழந்தையின் நிலை. அந்த இடத்தில் கையை விட்டால் உட்கார்ந்துவிடும். 200 மணி நேரத்தில் ஒருவருக்கு எழுத்து பிடிபடும், வாசிப்பு பிடிபடாது. 'விண்ணப்பதாரர்' என்ற சொல்லை முடிக்கும்போது தொடக்கம் மறந்துபோகிற வேகத்தில் இருப்பவருக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டோம். அத்தையோடு படித்தவர்களில் ஒருவரை வங்கியில் பார்த்தேன், மறுபடி யாரையோ சீட்டு எழுதித் தரச் சொல்லி நின்றார். கையெழுத்து மட்டும் அவருடையது. "எழுத்தெல்லாம் கலைந்துபோய்விட்டது தாயி" என்றார். ஆறு மாதம் இரவு இரவாக வந்து உட்கார்ந்தவர் அவர். அந்த உழைப்பு வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

இது இன்றைக்கு முளைத்த குறையும் இல்லை. தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் வந்தது. அதன் கீழ் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்திலும் அறிவொளி இயக்கம் நடந்தது. பக்கத்துப் புதுக்கோட்டையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த இயக்கத்தோடு சேர்ந்துதான். அத்தை அப்போது கைக்குழந்தைக்காரி. பாட்டுப் பாடி, நாடகம் போட்டு, தெருவிளக்கடியில் வகுப்பு நடந்ததை இன்றும் கண் விரியச் சொல்கிறார். கொஞ்சம் எழுத்துக் கற்றிருக்கிறார். பிறகு வகுப்பு நின்றது, வீட்டில் வாசிக்க ஒரு காகிதம் கிடையாது, எல்லாம் போய்விட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து அதே எழுத்தை அதே மனிதருக்கு மறுபடி சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அன்றைக்கும் முழு எழுத்தறிவுக்குப் பிறகு தொடர்கல்வி என்று திட்டத்தில் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. இடையில் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது, போனார். அவர் போகாமல் என்ன செய்வார்? வீட்டில் அப்பாவுக்கு வலிப்பு, தம்பி படிக்கிறான். சில வாரங்கள் வகுப்பே நடக்கவில்லை. பிறகு ஜவுளிக்கடையிலிருந்து இரவு பஸ்ஸில் இறங்கி நேராக ஏலக்கூடத்துக்கு வந்து பாடத்தை முடித்துக் கொடுத்தார். தொண்டு என்ற ஒன்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு வருடம் முழுவதும் நடக்க வேண்டிய வேலையை, வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் நல்ல மனத்தை நம்பி மட்டும் விடக்கூடாது. 2009இல் தொடங்கிய சாக்ஷர் பாரத் திட்டத்தில் மையத்தை நடத்தும் ஊக்குநருக்கு மாதம் 2000 ரூபாயாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பஸ் கட்டணமாவது கொடுங்கள் என்று பெண்களே சேர்ந்து மனு எழுதினார்கள். மனுவின் கடைசியில் இருந்தவை எல்லாம் கையெழுத்துகள், ஒரு கைநாட்டு இல்லை. பதில் வரவில்லை.

அனுப்ப நினைப்பவர்களுக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும். உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ அடுத்த சுற்று எப்போது என்று கேளுங்கள். சேர்ப்பதற்கு முன் கண்ணாடி. வகுப்பு நேரத்தைப் பெண்கள் சொல்லும்படி வைக்கச் சொல்லி முதல் நாளே கேளுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் கூடப் போய் உட்காருங்கள், பேத்தியானாலும் சரி. தேர்வு முடிந்த பிறகு தினம் ஒரு பத்து நிமிடம் வாசிக்க எதையாவது கையில் கொடுங்கள். நான் அத்தைக்கு மாத்திரை அட்டை, மின்கட்டண ரசீது, கல்யாணப் பத்திரிகை, செய்தித்தாளின் தலைப்புகள் என்று எது கிடைத்தாலும் கொடுக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் அவருக்குப் பிடித்தது. தெரிந்த பெயர்கள் நிறைய இருப்பதால் வேகமாக ஓடுகிறது, நடுவில் ஊர்க்கதையும் வந்துவிடுகிறது.

பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி 90.4இல் ஒலிபரப்பாகிறது. மீனவர்களுக்காகவே நடக்கும் வானொலி. இந்தப் பெண்கள் எழுதும் நாலு வரியை அதில் வாசித்தால், எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைக்கும். அதற்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அத்தையும் மகன் பெயர் எழுதிய அந்த அம்மாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாதி எழுதியிருக்கிறார்கள், பாசி விலை பற்றி.

இப்போது சனிக்கிழமை இரவுகளில் அதே ஏலக்கூடத்தில், தேர்ச்சி பெற்றவர்களுக்காக மட்டும் ஒரு மணி நேரம் உட்காருகிறோம். யாருடைய பதிவேட்டிலும் இல்லாத வகுப்பு. டீச்சர் ஜவுளிக்கடை விட்டு வர நேரமாகும் வாரத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். வங்கியில் பார்த்த அந்தப் பெண்மணியையும் கூப்பிட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் பெரிய எழுத்தில் அச்சான கதைப் புத்தகங்கள், பழைய சிறுவர் இதழ்கள், நிரப்பாத வங்கிச் சீட்டுகள் இருந்தால் இ-சேவை மையத்தில் கொண்டுவந்து கொடுங்கள். பழைய கண்ணாடிகள் வேண்டாம். ஒருவர் கண்ணுக்கு அளவெடுத்தது இன்னொருவருக்கு ஒத்துவராது. அதற்குப் பதில் அடுத்த கண் முகாம் எங்கே, எந்தத் தேதியில் என்று தெரிந்தால் சொல்லுங்கள், ஆட்டோ பிடித்து எல்லாரையும் அழைத்துப் போகிறோம்.